பெட்டி மாறுகிறது, பெட்டகம் என்னாகிறது?

நம் இல்லங்களின் கூடத்திலே, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, இதுவரை எத்தனை பெட்டிகள் வந்து அமர்ந்தன. எத்தனை பெட்டிகள் எழுந்து போயின! முதலில் வானொலி வந்தது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியதன் பின்னர், மெல்ல மெல்லத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. அதன் அருகில் ‘டெக்’ என்று நாம் அழைத்த வீடியோ கேசட் கருவியும், அதன்பின் வி.சி.டி., டி.வி.டி. கருவிகளும் வந்தன. இவற்றுக்கெல்லாம் பின்னர், சில இல்லங்களில் அவ்விடத்தைப் பிடித்தது கணிப்பொறி. இன்று அக்கணிப்பொறியும் முதுமையுற்று, விரல் நீளக் குச்சி ஒன்றுக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்து வருகிறது.

இம்மாற்றம் வேண்டத்தக்கதே. ஆயினும், அவசரத்தில் இதனைச் செய்யும் குடும்பங்கள், பின்னர் எவ்விலை கொடுத்தும் வாங்கவியலாத ஒன்றை இழந்துவிடுவதைக் காண்கிறோம். ஆதலால் இதுபற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சியோடு இணைப்பதற்கென்றே அமைந்த கணிப்பொறியை மேலைநாட்டார் ‘ஹோம் தியேட்டர்’ கணிப்பொறி என்றனர். 2002ஆம் ஆண்டிலே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘மீடியா சென்டர்’ என்னும் அமைப்போடு கூடிய விண்டோஸ் எக்ஸ்.பி. பதிப்பை வெளியிட்டது. நாற்காலியில் சாய்ந்தபடியே, ரிமோட் ஒன்றைக் கொண்டு பாடல், நிழற்படம், திரைப்படம் யாவற்றையும் இயக்கலாம் என்பதே அதன் சிறப்பு. ஏறத்தாழ அதே காலத்தில், ‘எக்ஸ்பாக்ஸ்’ விளையாட்டுக் கருவியில் படம் பார்ப்பதற்கென ஆர்வலர் சிலர் ஊதியமின்றி எழுதிய மென்பொருளொன்று வளர்ந்து, 2014ஆம் ஆண்டு முதல் ‘கோடி’ என்னும் பெயரால் வழங்குகிறது.

நம் ஊர்களில் இக்கணிப்பொறி இத்துணை ஆடம்பரத்தோடு வரவில்லை. கல்லூரியில் பயின்ற மகனுக்காக வாங்கியதொரு கணிப்பொறி. அவன் மடிக்கணினி வாங்கிக்கொண்டு வேலைக்குச் சென்றதும் இது வேலையற்றுப்போகும். அதனைக் கூடத்துக்கு நகர்த்தி, எச்.டி.எம்.ஐ. கம்பியொன்றால் தொலைக்காட்சியோடு பிணைத்துவிட்டால் போதும், ஹோம் தியேட்டர் கணிப்பொறி ஆயிற்று! பங்குத் திருவிழாத் தேர்ப்பவனியின் சி.டி., மகளின் திருமண டி.வி.டி., பக்திப் பாடல்கள், பென் டிரைவில் உறவினர் கொண்டுவந்த படங்கள் ஆகிய அனைத்தும் அதனுள்ளே சென்று தங்கின. வீட்டார் அறியாமலேயே, அப்பெட்டி அவர்களது குடும்பப் பெட்டகமாயிற்று.

இப்போது அது ஏன் விடைபெறுகிறது? அதன் உயிர் மென்பொருளுக்கு வயதாகிவிட்டது என்பது முதற்காரணம். விண்டோஸ் 7 பதிப்புக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலே மீடியா சென்டர் சேர்க்கப்படவேயில்லை; அப்பதிப்புக்கும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவான ஆதரவு முடிவுற்றது. திருத்தம் பெறாத கணிப்பொறியை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது, தாழ்ப்பாள் துருப்பிடித்த கதவை நம்பி உறங்குவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது மின்சாரச் செலவு. பழைய மேசைக் கணிப்பொறியொன்று 80 வாட் இழுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 6 மணி நேரம் ஓடினால், இரு மாதங்களில் ஏறத்தாழ 29 யூனிட் ஆகும். ‘மீண்டும் தொடங்க நேரமாகிறது’ என்று இரவும் பகலும் அணைக்காமல் விட்டுவிடும் வீடுகளில் அது 115 யூனிட்டைத் தொடும். 2016ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டரசு வீடுகளுக்கு இரு மாதத்திற்கு இலவசமாக்கிய 100 யூனிட் முழுவதையும் இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும் அன்றோ! புதிய குச்சிக்கு 3 அல்லது 4 வாட் போதுமானது. அதே 6 மணி நேரக் கணக்கில் இரு மாதங்களுக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. விசிறியின் இரைச்சல், தூசி, வெப்பம் ஆகியவற்றைப் பற்றி இல்லத்தரசிகளிடம் நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நாள்தோறும் துடைப்பவர்கள் அவர்களே.

இனி, புதிதாக வரும் கருவி எத்தகையது என்று பார்ப்போம். இணையத்தின் வழியாகப் படத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பெற்று, பெற்ற கையோடு திரையில் காட்டிவிட்டு, அத்துண்டுகளை உடனே மறந்துவிடுவதே இதன் வேலை. ஆங்கிலச் சொல்லைக் கொண்டே இதனை ‘ஸ்ட்ரீமிங்’ கருவி என்று அனைவரும் வழங்குகின்றனர். அமெரிக்காவிலே ‘ரோகு’ என்னும் சிறுபெட்டி 2008இல், நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனத்தின் படங்களைக் காட்டுவதற்கென வெளிவந்தது. 2013இல் கூகுள் நிறுவனம் 35 டாலர் விலையில் ‘குரோம்காஸ்ட்’ என்னும் குச்சியை வெளியிட்டது. அமேசான் நிறுவனத்தின் ‘ஃபயர் டிவி ஸ்டிக்’ 2014இல் அமெரிக்காவிலும், 2017இல் 3,999 ரூபாய் விலையில் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. தெளிவான முழு எச்.டி. படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பு போதும். நம் சிற்றூர்கள் பலவற்றிலும் இன்று கிடைக்கும் வேகமே இது.

பழைய கணிப்பொறியின் ஹார்ட் டிஸ்க் 500 ஜிகாபைட் கொள்ளும். சிலவற்றில் அதனிலும் இருமடங்கு. பரவலாக விற்பனையாகும் குச்சிகள் பலவற்றின் உள்ளிடமோ வெறும் 8 ஜிகாபைட். அதிலும் பெரும்பகுதியைக் கருவியின் மென்பொருளே எடுத்துக்கொள்கிறது. பழையது குதிர்; புதியது குழாய். குழாயைத் திறந்தால் நீர் வரும் என்பது மெய்யே. ஆனால் குதிரில் கொட்டி வைத்திருந்த நெல்லைக் குழாய்க்குள் ஊற்றி வைக்கவியலாது.

குழாயின் நன்மையையும் குறைத்துச் சொல்லலாகாது. சுட்டியும் விசைப்பலகையும் கண்டு அஞ்சிய பாட்டி, இக்கருவியின் ரிமோட்டிலுள்ள ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தி, வேண்டியதை வாயால் சொல்லியே பெற்றுவிடுகிறார். 2020ஆம் ஆண்டிலே கொரோனாக் கொள்ளைநோயால் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்த நாள்களில், வீட்டுக் கூடத்திலிருந்தே திருப்பலியில் ஒன்றித்த குடும்பங்கள் எத்தனை! அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், மழையில் நனைந்த வெறிச்சோடிய புனித இராயப்பர் சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனித்து நின்று உலகிற்கு ஆசீர் வழங்கியதை நாம் கண்டதும் திரையின் வழியாகத்தான். நோயுற்றுப் படுக்கையிலிருந்த அசிசி நகர்ப் புனித கிளாரா, கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலியைத் தம் அறையிலிருந்தவாறே கண்டு மகிழ்ந்தார் என்னும் மரபை முன்னிட்டே, திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். எழ இயலாத முதியோர் உள்ள இல்லங்களுக்கு இக்கருவி ஒரு வரப்பிரசாதமே. தயங்காது வாங்கலாம்.

வாங்குமுன் செய்யவேண்டிய வேலையைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஒரு பங்கிலே நடந்ததைச் சொல்கிறேன். பல்லாண்டுகள் உபதேசியாராகப் பணியாற்றிய பெரியவரொருவர் அங்கே இருந்தார். பேத்தியின் புதுநன்மை நாளன்று, இரவு விருந்துக்கு முன் அவர் செபமாலை சொல்வித்ததை உறவினர் ஒருவர் வீடியோவில் பதிவு செய்திருந்தார். அப்பதிவு வீட்டுக் கணிப்பொறியில் இருந்தது. பிள்ளைகள் புதிய தொலைக்காட்சியும் குச்சியும் வாங்கினர். பழைய பெட்டி இடத்தை அடைப்பதாகக் கருதி, காயலான் கடைக்காரரிடம் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டனர். அடுத்த ஆண்டு பெரியவர் இறைவனடி சேர்ந்தார். முதலாண்டு நினைவு நாளிலே, அவர் குரலில் செபமாலையைக் கேட்கவேண்டுமென்று மகள் கேட்டபோதுதான், அது எங்கே இருந்தது என்பது அனைவர்க்கும் நினைவுக்கு வந்தது. கடைக்காரரிடம் ஓடினார்கள். பெட்டியின் தகடு வேறு, கம்பி வேறு, தட்டு வேறாகப் பிரித்து விற்று நெடுநாளாகியிருந்தது.

இவ்வீட்டாரைக் குறைகூறிப் பயனில்லை. திருமண ஆல்பத்தை எவரும் பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போடமாட்டார்கள். கைக்கும் கண்ணுக்கும் அது தெரிகிறது. ஹார்ட் டிஸ்கில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘கணிப்பொறி பழுது’ என்று சொல்லும்போது, உள்ளே இருப்பதும் பழுது என்று மனம் தானாகவே முடிவுகட்டிவிடுகிறது. மெய்யாகவோ, திரை தெரியாது, பெட்டி தொடங்காது என்னும் நிலையிலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதனைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. உறையொன்றிலிட்டு, வேறொரு கணிப்பொறியில் செருகினால் உள்ளிருப்பவற்றைப் படித்துவிடலாம். ‘டக் டக்’ என்னும் ஓசை அதிலிருந்து எழுந்தால் மட்டும், மீண்டும் மீண்டும் முயலாமல், உடனே நிறுத்திவிட்டுத் தேர்ந்தவரிடம் கொடுத்தல் நலம்.

மூலக் கேசட் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கின்றனர். கேசட் இருக்கலாம், அதனை இயக்க டெக் எங்கே? உலகில் வீடியோ கேசட் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையோடு அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டது. நம் நாட்டின் ஈரக் காற்றிலே நாடாவில் பூஞ்சை படிந்துவிடுவதும் உண்டு. வீட்டிலேயே எழுதப்பட்ட சி.டி., டி.வி.டி. தட்டுகளின் சாயப்பூச்சும் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும். ஆதலின், பல இல்லங்களில் பழைய கணிப்பொறியில் உள்ள படியே எஞ்சியிருக்கும் ஒரே படியாகும்.

அதனைக் காக்கும் முறை கடினமன்று. முதலில் குடும்பத்தார் ஒன்றுகூடி, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். திரைப்படங்களையும் திரைப்பாடல்களையும் விட்டுவிடலாம். அவை எங்கும் கிடைக்கும். திருமணம், ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல், வீடு மந்திரிப்பு, அடக்கம், பிள்ளைகளின் பள்ளி விழா, மறைந்தோரின் நிழற்படங்கள் ஆகிய இவைதாம் வீட்டுக்குரியவை. இவை யாவும் சேர்ந்து, பெரும்பாலும் 100 ஜிகாபைட்டைத் தாண்டா. புதிய ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டிலும் அவற்றைப் படியெடுங்கள். ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கட்டும். மற்றொன்று வேறூரில் வாழும் மகன் அல்லது மகளின் வீட்டில் இருக்கட்டும். வெள்ளமோ தீயோ கள்வரோ ஒரே நாளில் இரண்டு ஊர்களுக்கும் வருவதில்லை. டிஸ்கின் மேல், உள்ளே இருப்பது இன்னதென்று தமிழிலே எழுதி ஒட்டுங்கள். ஆண்டுக்கொரு முறை, கிறிஸ்து பிறப்பு விடுமுறையில், செருகிப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இனி, அவற்றைப் புதிய கருவியில் எவ்வாறு பார்ப்பது? எளிய வழி, ஹார்ட் டிஸ்கைத் தொலைக்காட்சியின் முதுகிலுள்ள யு.எஸ்.பி. துளையிலேயே செருகிவிடுவதாகும். குச்சிகள் பலவற்றில் அதற்கெனத் தனித் துளை இராது, ஓ.டி.ஜி. கம்பி என்று கடையில் கேட்டு வாங்கவேண்டும். அதுவும் எல்லாக் குச்சிகளுக்கும் பொருந்தாது, கேட்டறிந்து வாங்குக. செருகிய பின்னரும் படம் தெரியாவிட்டால், டிஸ்க் கெட்டுவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். பழைய வி.சி.டி.யின் ‘டாட்’ கோப்புகளையும் டி.வி.டி.யின் ‘வாப்’ கோப்புகளையும் இக்காலக் கருவிகள் சில அறிந்துகொள்வதில்லை, அவ்வளவே. கட்டணமின்றிக் கிடைக்கும் ‘வி.எல்.சி.’ செயலியைக் கருவியில் நிறுவினால் இவை பெரும்பாலும் ஓடும். நிலையான தீர்வு வேண்டுவோர், ‘ஹேண்ட்பிரேக்’ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு எம்.பி.4 வடிவுக்கு மாற்றிவைக்கலாம். மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருப்பது அறிவுடைமை. இன்னுமொன்று: ‘ஃபேட் 32’ என்னும் முறையில் அமைந்த பென் டிரைவ், 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. மூன்று மணி நேரத் திருமண வீடியோ படியேறாமல் பாதியில் நிற்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

பழைய கணிப்பொறி இன்னும் ஓடும் நிலையிலிருந்தால், அதனைத் தள்ளிவிடவும் தேவையில்லை. லினக்ஸ் போன்ற, இன்றும் திருத்தம் பெறும் இலவச மென்பொருளை அதில் ஏற்றி, ‘ஜெல்லிஃபின்’ என்னும் மற்றோர் இலவச மென்பொருளை நிறுவி, அறையின் மூலையில் வைத்துவிட்டால், வேண்டும்போது மட்டும் இயக்கி, வீட்டு வைஃபை வழியாகக் குச்சிக்குப் படம் அனுப்பச் செய்யலாம். இளைஞர் எவரேனும் வீட்டில் இருந்தால் ஒரு ஞாயிறு பிற்பகலில் முடியும் வேலை இது.

‘எதற்கு இத்தனை தொல்லை? எல்லாவற்றையும் இணையத்திலேயே ஏற்றிவிட்டால் ஆயிற்று’ என்பாரும் உளர். ஏற்றுங்கள், ஆனால் அதனை மட்டுமே நம்பியிருப்பது தகாது. குழாயின் மறுமுனையை வைத்திருப்பவர் நாமல்லர். 2023 டிசம்பரிலே, தன் பிளேஸ்டேஷன் கருவியின் வழியாக மக்கள் பணம் கொடுத்து ‘வாங்கிய’ டிஸ்கவரி நிகழ்ச்சிகள் அவர்களது கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று சோனி நிறுவனம் அறிவித்தது. கண்டனம் எழவே, அம்மாதமே அம்முடிவைக் கைவிட்டது. விலை கொடுத்தாலும் பெறுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குவோர்க்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் சட்டமியற்ற, அது 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் வேறொன்று நிகழ்ந்தது. 2015இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் ஒரே நேரத்தில் பணிசெய்ய மறுத்தன. பொருள் உடையவில்லை, கம்பி அறுபடவில்லை. அவற்றுள் வைக்கப்பட்டிருந்த பத்தாண்டு மின்சான்றிதழ் ஒன்றின் நாள் முடிந்துவிட்டது! சில நாள்களில் நிறுவனம் திருத்தம் அனுப்பிச் சரிசெய்தது. எனினும், நம் கூடத்திலுள்ள கருவியின் உயிர் எவர் கையில் இருக்கிறது என்பதை அந்நாள்கள் காட்டிவிட்டன.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய கணிப்பொறியில் ஒரு படம் முடிந்தால் திரை இருண்டுவிடும். அடுத்ததை எவரேனும் எழுந்து இடவேண்டும். அந்த இருளிலே ‘சரி, செபத்துக்கு வாருங்கள்’ என்று தாய் அழைக்க இடமிருந்தது. புதிய கருவியிலே, ஒரு பகுதி முடியுமுன்பே அடுத்த பகுதி தானாகத் தொடங்கிவிடுகிறது. முடிவு என்பதே இல்லை. பெரும்பாலான செயலிகளின் அமைப்புப் பக்கத்தில் இத்தானியக்கத்தை நிறுத்திவைக்க வழியுண்டு. கருவி வாங்கிய அன்றே அதனைச் செய்துவிடுங்கள். சிறுவர்க்கெனத் தனிக் கணக்கும், பெரியோர் கணக்குக்கு நான்கிலக்க இரகசிய எண்ணும் இடலாம். அவ்வெண் பிள்ளையின் பிறந்த ஆண்டாக இருத்தல் கூடாது. அதனைத்தான் அவர்கள் முதலில் முயல்வார்கள்.

2004ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு, குடும்பமும் ஊடகமும் பற்றித் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் விடுத்த செய்தியிலே, ஊடகங்களுக்கு வீட்டில் நேரம் வகுக்கவும், அவற்றைக் குடும்பமாகச் சேர்ந்து நுகரவும், அவ்வப்போது அவை அனைத்தையும் ஒதுக்கிவைக்கவும் பெற்றோரைக் கேட்டுக்கொண்டார். கைபேசியைத் தனித்தனியே ஏந்தி, ஆளுக்கொரு மூலையில் அமரும் இந்நாளிலே, கூடத்துத் திரை ஒன்றே வீட்டாரை ஒரே பாயில் உட்காரவைக்கும் பொருளாக எஞ்சியிருப்பது விந்தைதான். ஞாயிறு மாலையில் அத்திரையிலே பெற்றோரின் திருமண வீடியோவை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். கைபேசிகள் தாமாகவே கீழே வைக்கப்படும். அப்பாவுக்கு அன்று இவ்வளவு முடி இருந்ததா என்னும் வியப்பே அரை மணி நேரத்துக்குப் போதுமானது!

இறுதியாக, பெட்டியை வெளியேற்றும் முறை. படியெடுத்ததை இரு டிஸ்குகளிலும் திறந்து பார்த்து உறுதிசெய்யும்வரை பழையதைத் தொடவேண்டாம். அதன்பின், கோப்புகளை அழித்துவிட்டால் போதும் என்று எண்ணுதல் தவறு. அழித்ததை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. வங்கிக் கடவுச்சொல்லும் ஆதார் படியும் அதில் இருந்திருக்கலாம். விரைவு ஃபார்மட் செய்யாமல், சில மணி நேரம் பிடிக்கும் முழு ஃபார்மட் செய்யுங்கள். அது டிஸ்க் முழுவதையும் சுழியங்களால் நிரப்பிவிடும். இயங்காத டிஸ்காயின், துளையிடும் கருவியால் தட்டுகளைத் துளைத்துவிடலாம். கணிப்பொறிப் பலகைகளில் ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் உண்டு. ஆகையால் குப்பைத் தொட்டியில் எறிவதும், கம்பிக்காக எரிப்பதும் கூடாதவை. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையங்களே இவற்றைப் பிரிக்கவேண்டும். அந்நிலையங்களுக்கு அனுப்பிவைக்கும் சேகரிப்போரைப் பற்றி உங்கள் நகராட்சி அலுவலகத்தில் கேட்டறியலாம்.